ஜூலையில் ஒரு பனிவாரி

அத்தியாயம் 5

கொரின் ஹாஸ்கெட் என்ற பெண் போன கோடையில் அறுபத்தெட்டு ராத்திரி எங்கே தூங்கினாள் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஒன்றரை நாள் கொடுத்திருந்தார்கள். அதில் இரண்டு மணி நேரத்தை மேய்ன் மாநிலத்து ஏப்ரல் சேறு தின்றுவிட்டது. எடித்தின் பழைய பிக்கப் வண்டி நான்கு சக்கரமும் புதைந்து நிற்க, நான் பின்னால் தள்ளினேன். எடித் உள்ளே உட்கார்ந்து யோசித்தார். எங்கள் துப்பறியும் கம்பெனியில் வேலைப் பிரிவினை எப்போதும் இப்படித்தான்.

எடித் பிங்கமைப் பற்றி நான் சொல்ல வேண்டியது அதிகமில்லை. அறுபத்தொரு வயது, இருபத்திரண்டு வருடம் இன்ஷூரன்ஸ் பொய்களை மோப்பம் பிடித்தவர், ஒரு நாளைக்கு நாற்பது வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். மீதி வார்த்தைகளை நான் பேசுகிறேன். நான் ஹோடன் வார்சாமே, லூயிஸ்டன் நகரத்துப் பெண். என் அம்மா கட்டிக் கொடுத்த சம்பூசா, அதாவது எங்கள் சோமாலி சமோசா, ஒரு டப்பா எப்போதும் என் பையில் இருக்கும். அது இல்லாமல் இந்த மாநிலத்தில் யாரும் வாயைத் திறப்பதில்லை.

வேலை கொடுத்தவர் லைல் பிரெண்டிஸ். மாநிலப் பல்கலைக்கழகத்தில் யார் உள்ளூர்க்காரர், யார் வெளியூர்க்காரர் என்று பிரித்து எடுக்கும் அதிகாரி. உள்ளூர்க்காரராக இருந்தால் ஒரு கட்டணம், இல்லாவிட்டால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. கல்லூரியில் சேருவதற்கு முன்னால் பன்னிரண்டு மாதம் விடாமல் மாநிலத்துக்குள் வசித்திருக்க வேண்டும், இனியும் இங்கேதான் இருக்கப் போகிறேன் என்ற எண்ணமும் இருக்க வேண்டும். எண்ணத்தை எதை வைத்து அளப்பது என்று பிரெண்டிஸிடம் கேட்டேன். படிவம் பதினான்கு என்றார்.

கொரின் நெப்ராஸ்காவிலிருந்து போன வருடத்துக்கு முந்தின வருடம் நவம்பரில் ஹேடக் கோவ் என்ற கடலோர ஊருக்கு வந்தவள். மீன்பிடித் துறையில் வேலை பார்த்தாள், வாடகை கொடுத்தாள், ஓட்டுப் போட்டாள், இந்த ஜனவரியில் நர்ஸிங் படிப்பில் சேர்ந்தாள். எல்லாக் காகிதமும் சுத்தம், ஒரு ஓட்டையைத் தவிர. அவள் இருந்தது குளிர்கால வாடகை வீடு. ஜூன் கடைசியில் பாஸ்டனிலிருந்து வீட்டின் உரிமையாளரான டாக்டர் வந்துவிடுவார், குடியிருப்பவர் மூட்டை கட்டவேண்டும், செப்டம்பரில் திரும்பி வரலாம். கடலோரத்தில் பாதிப் பேர் பிழைப்பு இதுதான். அந்த இடைவெளியில் அவள் எங்கே இருந்தாள் என்று பல்கலைக்கழகம் கேட்டது. ஊரில்தான் என்றாள். எந்த வீட்டில் என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை.

தினமும் துறைக்கு வேலைக்கு வந்தாள் என்று முதலாளி எழுதிக் கொடுத்திருந்தார். பிரெண்டிஸ் அதை ஏற்கவில்லை. வேலை எங்கே வேண்டுமானாலும் செய்யலாம், ஒருவர் தூங்குகிற இடம்தான் அவர் வசிக்கிற இடம் என்பது அவர் கட்சி. புதன்கிழமை காலை இதை முடிவு செய்யும் பல்கலைக்கழகக் குழு கூடும். அதற்குள் அந்த அறுபத்தெட்டு ராத்திரிக்குக் கணக்கு வராவிட்டால் வெளியூர்க் கட்டணம்தான். அதைக் கட்ட அவளால் முடியாது. படிப்பு அதோடு போயிற்று.

இன்று திங்கள்.

மீன்துறைக் கொட்டகையில் கொரின் முழங்கை வரை உப்பும் செதிலுமாக நின்றிருந்தாள். சிங்கி இறால் பிடிக்கும் கூண்டுகளுக்கான இரை மீனைப் பீப்பாயில் அமுக்கிக்கொண்டிருந்தாள். இருபது வயது, ஒல்லி, அந்த நாற்றத்திலும் ஊப்பி பை என்ற கிரீம் கேக்கைச் சாப்பிடக்கூடிய மன உறுதி. எங்களைப் பார்த்ததும் அவளே ஆரம்பித்தாள்.

"எங்க இருந்தேன்னு மட்டும் கேக்காதீங்க மேடம். சொல்லமாட்டேன்னு ஒருத்தருக்கு வாக்கு குடுத்திருக்கேன். நான் சொன்னா அவர் வேலை போயிடும்."

"அவருக்கு வேலை போகும், உனக்குப் படிப்பு போகும். நல்ல ஒப்பந்தம்," என்றேன் நான்.

அவள் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கே என் வாய்மேல் கோபம் வந்தது. எடித் ஒரு பீப்பாய்மேல் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"எங்கேன்னு கேக்கல. தூக்கம் எப்படி இருந்துச்சு?"

கொரின் இந்தக் கேள்விக்குத் தயாராக இல்லை. தூக்கத்தைப் பற்றிச் சொல்லக்கூடாது என்று அவள் யாருக்கும் வாக்குக் கொடுத்திருக்கவும் இல்லை. கோடையில் மதியத்துக்கு மேல்தான் வேலை, அதனால் காலையில் நன்றாகத் தூங்க ஆசை. ஆனால் எட்டு மணிக்கெல்லாம் கண்ணாடி உடையும் சத்தம் எழுப்பிவிடும். ஒரு பாட்டில் இரண்டு பாட்டில் இல்லை, மழை மாதிரி.

"தினமுமா?"

"செவ்வாய், புதன் மட்டும் இருக்காது. அந்த ரெண்டு நாளும் பத்து மணி வரைக்கும் தூங்குவேன்."

எடித் எழுந்து நன்றி சொன்னார். அவ்வளவுதான் விசாரணை.

வண்டியில் ஏறியதும் நான் என் துப்பறியும் மூளையை அவிழ்த்துவிட்டேன். வாரத்தில் ஐந்து நாள் கண்ணாடி உடைகிற இடம் என்றால் ஒன்று சாராயக் கடை, அல்லது ஒத்துப் போகாத தம்பதி. தம்பதியென்றால் செவ்வாய் புதன் யாராவது ஒருவர் வெளியூர் போகிறார்.

"எட்டு மணிக்குச் சாராயக் கடை திறக்காது. அஞ்சு நாள் சண்டை போடறவங்க வீட்டுல உடைக்கப் பாத்திரம் மிஞ்சாது," என்றார் எடித். அன்றைய நாற்பது வார்த்தையில் பெரும்பகுதி அதிலேயே செலவாகிவிட்டது.

டெல்மாவின் காபிக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். கொரினைத் தெரியுமா என்று நான் பொதுவாகக் கேட்டேன். தெரியும், நல்ல பொண்ணு, ஆனால் இந்த ஊர் இல்லை என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதோடு நிறுத்தாமல், சொன்னவர்கள் ஒருவரையொருவர் இந்த ஊர் இல்லை என்று சொல்லத் தொடங்கினார்கள். எண்பது வயதுக் கிழவர் ஒருவர் மூன்று மாதக் குழந்தையாக வந்தவராம், அவரையும் சேர்க்கவில்லை. நான் இதே மாநிலத்து லூயிஸ்டன் என்றேன். அவ்வளவு தூரமா என்று பரிதாபப்பட்டார்கள்.

எடித் சம்பூசா டப்பாவைத் திறந்து மேஜையில் வைத்துவிட்டு, இந்த ஊரில் செவ்வாயும் புதனும் மூடியிருப்பது எது என்று மட்டும் கேட்டார். டெல்மா விரல்விட்டு எண்ணினாள். நூலகத்துக்குத் திங்கள் லீவு. முடிவெட்டுகிறவருக்கு மனசு சரியில்லாத நாளெல்லாம் லீவு. செவ்வாய் புதன் என்றால் குப்பைக்கிடங்குதான்.

அந்த வார்த்தை விழுந்ததும் கடையில் இருந்த அத்தனை பேரும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். பீன்ஸை அவ்வளவு கவனமாகச் சாப்பிடும் மனிதர்களை நான் பார்த்ததில்லை. டெல்மா தன் நாக்கைக் கடித்தபடி அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். எடித் டப்பாவை மூடினார்.

ஊரார் தங்கள் குப்பையைத் தாங்களே காரில் கொண்டுவந்து கொட்டும் அந்தக் குப்பைக்கிடங்கின் ராஜா ஓரின் ஸ்டேப்பிள்ஸ். இருபத்தாறு வருடமாக அந்தக் கேட்டில் நிற்கிறவர். ஒவ்வொரு மார்ச் மாதமும் ஊர்க்கூட்டத்தில் வலது கையைத் தூக்கி, ஊரின் குப்பையை ஒழுங்காகக் காப்பேன் என்று சத்தியம் செய்கிறவர். ஊர் அலுவலகம் உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் கொடுக்கும் ஸ்டிக்கர் கார்க் கண்ணாடியில் இல்லாமல் அவருடைய கேட்டை யாரும் தாண்டியதில்லை. ஒருமுறை செனட்டர் ஒருவரின் சோபாவைத் திருப்பி அனுப்பியதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள்.

எங்கள் வண்டியையும் கையை நீட்டி நிறுத்தினார். எடித்தின் ஸ்டிக்கர் பக்கத்து ஊருடையது.

"வண்டிய அங்கயே ஓரங்கட்டு கண்ணு. நடந்து வர்றதா இருந்தா வா."

அறுபத்தொரு வயது எடித்தை இந்த உலகத்தில் கண்ணு என்று கூப்பிட ஒரு ஆளாவது இருக்கிறாரே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நடந்து வந்தால் ஸ்டிக்கர் வேண்டாமா என்று கேட்டேன். ஸ்டிக்கர் கேட்டைத் தாண்டுகிற காருக்குத்தான், மனுஷனுக்கு ஒட்ட இடமில்லை என்றார். எங்களுக்குப் பின்னால் ஒரு பெண் தொட்டியில் பாட்டில்களைக் கொட்டினாள். மழை மாதிரிதான் இருந்தது.

எடித் நேராகவே விஷயத்துக்கு வந்தார். கொரின் ஹாஸ்கெட் போன கோடையில் இங்கே வந்தாளா?

ஓரின் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"நான் பொய் சொல்றவன் இல்ல. ஜூன் கடைசியிலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் அந்தப் பொண்ணு கார் இந்தக் கேட்டை ஒரு தடவகூடத் தாண்டி உள்ள வரல."

அந்த மனிதர் முகத்தில் பொய் இல்லை. பொய் சொல்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன், அவர்கள் வியர்ப்பார்கள், இவர் வருத்தப்பட்டார். எங்களிடம் இருந்த ஒரே துப்பு தொட்டியில் விழுந்த பாட்டில் மாதிரி நொறுங்கியது. பக்கத்தில் வேறு வீடு இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்தேன். ஒரு பக்கம் காடு, மறுபக்கம் சதுப்பு.

எடித் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த இலவசக் கொட்டகைக்குள் புகுந்துவிட்டார். ஊரார் வேண்டாமென்று விட்டுப் போகும் நல்ல சாமான்களை வேண்டுகிறவர்கள் எடுத்துப் போகலாம். நாற்காலி, வாஃபிள் இயந்திரம், கால் இல்லாத பியானோ. வெளியூர் வியாபாரிகள் அள்ளிப்போகாமல் இருக்க, யார் எதை எடுத்தார்கள் என்று ஓரின் ஒரு நோட்டில் எழுதி ஆணியில் தொங்கவிட்டிருந்தார். எடித் அதைப் புரட்டி, ஒரு பக்கத்தில் நின்று, என்னிடம் நீட்டினார்.

ஜூலை 19. பனிவாரி ஒன்று. எடுத்தது: கொரின்.

பனிவாரி என்பது நீளக் கம்பும் நுனியில் பலகையும் உள்ள ஒரு சாமான். குளிர்காலத்தில் கூரைமேல் பனி ஏறி, வீடே உட்கார்ந்துவிடும் என்ற நிலை வரும்போது, கீழே நின்றபடி பனியை இழுத்துத் தள்ளுவது. நான் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த ஒரு நாளில் அவள் அதை எடுத்திருக்கிறாள்.

"பாஸ், அவ கார் கேட்டைத் தாண்டி வரவே இல்ல. அப்புறம் எப்படி உள்ள இருக்கிற சாமானை..."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்தது. உள்ளே வருகிறவர்கள்தானே கேட்டைத் தாண்ட வேண்டும். ஏற்கெனவே உள்ளே இருப்பவளுக்குக் கேட் எதற்கு?

பழைய குளிர்சாதனப் பெட்டிகளின் அடுக்குக்குப் பின்னால் ஒரு பனிக்குடில் நின்றிருந்தது. உறைந்த ஏரியில் இழுத்துப் போய் வைத்து, ஓட்டை போட்டு, உள்ளே உட்கார்ந்து மீன் பிடிக்கும் மரக்கூண்டு. ஒரு கட்டில் போட்டால் கதவு திறக்காது. அதன் ஜன்னலில் கொசுவலை அடித்திருந்தது. கொசுவலைக்குப் பின்னால் பூப்போட்ட திரை. பனியில் மீன் பிடிக்கிறவன் எந்தக் கொசுவுக்குப் பயந்து வலை அடிப்பான்? வாசலில் ஒரு பழைய கழிப்பறைக் கோப்பையில் போன வருடத்துத் தக்காளிச் செடி காய்ந்து நின்றது.

"காரை எங்க நிறுத்துனா?" என்று கேட்டார் எடித்.

"மீன்துறையில," என்றார் பின்னாலேயே வந்து நின்ற ஓரின். "அங்கேர்ந்து நடந்து வருவா. பொய் சொல்லலையே நான்."

குப்பைக்கிடங்கில் யாரும் இரவு தங்கக்கூடாது என்பது ஊரின் சட்டம். அதை எழுதச் சொன்னதே ஓரின்தான். போன ஜூனில் வாடகை வீட்டை விட்டுக் கிளம்பிய கொரின், துறையில் காருக்குள்ளேயே தூங்கினாள். இரண்டாம் நாள் கான்ஸ்டபிள் வந்து துரத்தினார். காலையில் மீன் நாற்றத்தோடு வந்து, ஸ்டிக்கர் வாங்கினால் காரோடு கிடங்குக்குள் தூங்கலாமா என்று ஓரினிடம் கேட்டாள். காரோடு கூடாது, நடந்து வந்தால் என் குடில் காலிதான் என்றார் ஓரின். அதுதான் அவர் செய்த குற்றத்தின் தொடக்கம். ஊருக்கெல்லாம் தெரியும், ஊர் முழுக்கப் பீன்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தது. எழுத்தில் வந்தால் மட்டும்தான் வேலை போகும்.

"இந்த வேலையத் தவிர எனக்கு வேற ஒண்ணும் தெரியாது கண்ணு," என்றார். சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை, தொட்டிகளைப் பார்த்தார்.

எழுதினால் இவர் போவார், எழுதாவிட்டால் அவள் போவாள். எடித் நோட்டை ஆணியில் திரும்ப மாட்டினார். அறிக்கையில் இடம் தெரிந்தது, சொல்ல வேண்டியவர் சொல்வார் என்று மட்டும் எழுதப் போவதாகச் சொன்னார். நடந்து கேட்டைத் தாண்டிய பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

"குழு புதன்கிழமை கூடுது. அன்னிக்கு உங்களுக்கு லீவு."

புதன்கிழமை ஒன்பது மணிக்குக் குழு கூடியது. தலைவர் டாக்டர் கிம்பல், கண்ணாடியை மூக்கின் நுனியில் வைத்துப் பார்க்கும் அம்மாள். பக்கத்தில் பிரெண்டிஸ், படிவங்களோடு. மூன்றாவது ஆள் மில்ட்டன் கார், வடக்கே உருளைக்கிழங்கு விவசாயி, பொதுமக்களின் பிரதிநிதி. அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

கொரின் உள்ளங்கையைத் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கழுவிக் கழுவிப் பார்த்திருக்கிறாள், மீன் வாசம் போகவில்லை. பிரெண்டிஸ் எங்கள் அறிக்கையைப் படித்துவிட்டு, இதில் இடமும் இல்லை ஆளும் இல்லை, இது அறிக்கையே அல்ல என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஒன்பதே கால் ஆயிற்று. ஒன்பதரை ஆயிற்று. டாக்டர் கிம்பல் பேனாவை எடுத்தார்.

கதவு திறந்தது. ஓரின் கழுத்துப்பட்டை கட்டியிருந்தார். அது இலவசக் கொட்டகையில் எடுத்தது என்பது பார்த்தாலே தெரிந்தது, அதில் கிறிஸ்துமஸ் மான் போட்டிருந்தது. கக்கத்தில் நோட்டு. கொரின் எழுந்து வேண்டாம் என்று தலையாட்டினாள். அவர் அவளை உட்காரச் சொல்லிக் கை காட்டினார்.

தான் சத்தியப் பிரமாணம் எடுத்த ஊர் அதிகாரி என்று அறிமுகம் செய்துகொண்டார். முதல் இரண்டு ராத்திரி துறையில் காருக்குள், மீதி அறுபத்தாறு ராத்திரியும் இந்தப் பெண் குப்பைக்கிடங்கில் என் பனிக்குடிலில் இருந்தாள், சட்டத்தை மீறியது நான் என்று ஒரே மூச்சில் சொன்னார். பிரெண்டிஸ் படிவத்தில் தெரு விலாசம் என்ற கட்டத்தைக் காட்டினார். ஓரினுக்கு அதில் சிரமம் இருக்கவில்லை. ஏரியில் வைக்கும் குடிலின் வெளிச்சுவரில் பெயரும் விலாசமும் இரண்டு அங்குல எழுத்தில் இருக்கவேண்டும் என்பது மாநிலச் சட்டம். எந்த வீட்டுக்கும் இல்லாத அளவுக்கு அந்தக் குடிலுக்கு விலாசம் இருந்தது.

"சரி, வசிச்சாங்க," என்றார் பிரெண்டிஸ். "தொடர்ந்து இருக்கிற எண்ணம்? எண்ணத்துக்கு என்ன ஆதாரம்?"

ஓரின் நோட்டைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். டாக்டர் கிம்பல் குனிந்து படித்தார். இரண்டாம் முறை படித்தார்.

"ஜூலை பத்தொன்பதாம் தேதி பனிவாரியா?"

மில்ட்டன் கார் கண்ணைத் திறந்தார்.

பிரெண்டிஸ் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தார். "பனிவாரின்னா என்ன?"

டாக்டர் கிம்பல் கண்ணாடியைக் கழற்றினார். நீங்கள் எந்த ஊர் என்று மிக மரியாதையாகக் கேட்டார். பிரெண்டிஸ் ஃப்ளோரிடா, இங்கே வந்து மூன்று வருடமாகிறது, அடுக்குமாடியில் இருக்கிறேன் என்றார். அப்படியா என்றார் அம்மாள். உள்ளூர்க்காரர்களைப் பிரித்தெடுக்கும் அந்த மனிதர் காது வரை சிவந்தார்.

விவசாயி நாற்காலியை முன்னால் இழுத்து, கொரினிடம் அன்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கம்பு எத்தனை அடிம்மா?"

"பதினாறு. குடிலுக்கு அடியில வெச்சிருந்தேன். அதுக்கு முந்தின பிப்ரவரில நான் வாடகைக்கு இருந்த டாக்டர் வீட்டுக் கூரை நொறுங்கப் பாத்துச்சு, கையில ஒண்ணும் இல்ல. அடுத்த பனிக்கு ஏமாறக்கூடாதுன்னு எடுத்தேன்."

"அடுத்த பனிக்கு," என்றார் விவசாயி டாக்டர் கிம்பலிடம், வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை என்பதுபோல. இருவரும் கை தூக்கினார்கள். பிரெண்டிஸ் படிவம் பதினான்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்துவிட்டு, அவரும் தூக்கினார். கொரின் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. நான் அதை மீன் நாற்றத்தின்மேல் போட்டேன்.

ஓரினின் விஷயத்தை மறுநாள் ஊர் மன்றத்தின் மூன்று பேரும் எடுத்தார்கள். சட்டம் இருக்கிறது, மீறலும் இருக்கிறது, தண்டனை கொடுத்தே ஆகவேண்டும் என்று முடிவாயிற்று. அவரைவிட்டால் அந்த வேலைக்கு ஆளில்லை என்பதையும் கவனத்தில் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு நாள் பணி இடைநீக்கம். எந்த இரண்டு நாள் என்பதில் மட்டும் விவாதம் நடந்து, செவ்வாயும் புதனும் என்று தீர்மானித்தார்கள்.

சனிக்கிழமை எடித் தன் பழைய துணி துவைக்கும் இயந்திரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஹேடக் கோவுக்கே போனார். ஸ்டிக்கர் இல்லாமல் உள்ளே விடமாட்டார் என்று தெரிந்தும் ஏன் போனார் என்று நான் கேட்கவில்லை. எங்களுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு கார் நின்றன. எல்லாவற்றுக்கும் முன்னால் கொரின், ஜன்னலில் கையை நீட்டி ஒரு காகிதத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகத்தின் கடிதம். மாநிலத்தின் முத்திரையோடு, இவர் மேய்ன் மாநிலத்தில் வசிப்பவர் என்று எழுதியது.

ஓரின் அதை முதல் வரியிலிருந்து கையெழுத்து வரை படித்தார். நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"காலேஜுக்கு இது போதும் கண்ணு. இது குப்பைக்கிடங்கு. ஸ்டிக்கர் எங்க?"

கொரின் சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பினாள். அவள் திரும்பிப் போக, பின்னால் நின்ற கார்கள் ஒவ்வொன்றாகச் சேற்றில் பின்வாங்கி வழிவிட்டன. சனிக்கிழமை மூடியிருக்கவேண்டிய ஊர் அலுவலகம் அன்று எதற்காகவோ திறந்திருந்தது. இருபது நிமிடத்தில், கண்ணாடியில் நீல ஸ்டிக்கரோடு அவள் திரும்பி வந்தாள். யாரும் முன்னால் விடவில்லை, அவளும் கேட்கவில்லை. எங்கள் வண்டிக்குப் பின்னால், வரிசையின் கடைசியில் நின்றாள்.